உத்தரவு: செஞ்சி மண்ணில் ஒரு சொல்லின் தடம்

செஞ்சியிலிருந்து வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது சிங்கவரம். ஊரை ஒட்டிய குன்றின் மேல், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்குள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். வேறெங்கோ செய்து கொண்டுவந்து வைத்த திருமேனி இல்லை இது. மலையோடு ஒட்டிய அதே கல்லில் செதுக்கியது. முகம் சற்றே அப்பால் திரும்பினாற்போல இருக்கும். ஏன் என்று கேட்டால் ஊரில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: “தேசிங்கு ராஜா சண்டைக்குப் போறதுக்கு உத்தரவு கேட்டாரு. பெருமாள் உத்தரவு குடுக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.”

தமிழ்நாட்டில் கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் வீடு கட்டவும் சாமியிடம் கேட்டுப் பெறுகிற ஒன்றுக்கு உத்தரவு என்றுதான் பெயர். ‘சாமி உத்தரவு ஆயிடுச்சு’ என்றால் வேலை தொடங்கும். ‘உத்தரவு கிடைக்கல’ என்றால் பணமும் ஆளும் தயாராக இருந்தாலும் காத்திருப்பார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத மனிதன், தன் திட்டத்துக்குள் கடவுளையும் சேர்த்துக்கொள்ளும் வழிகளில் இது ஒன்று. அந்த வழிக்கு ஆகிவந்த சொல் எங்கிருந்து வந்தது, வழியில் எதையெல்லாம் சுமந்து வந்தது என்பது தனிக் கதை.

சங்கப் பாடல்களில் உத்தரவு இல்லை. வடமொழியின் ‘உத்தர’ என்பதே இதன் வேர். மேலானது, பிந்தியது, வடக்கு, மறுமொழி என்று அந்த ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள். கேள்விக்குப் பின்னால் வருவதால் மறுமொழி உத்தரம் ஆனது. சுவருக்கு மேலே கிடக்கும் விட்டமும் உத்தரம்தான். தச்சர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். தருக்க நூல்களில் எதிராளியின் வாதம் பூர்வ பட்சம், அதற்கான மறுப்பு உத்தர பட்சம். பழைய நீதிநூல்களில் வழக்கு மன்றத்தில் பிரதிவாதி தரும் பதிலுக்கும் உத்தரம் என்றே பெயர்.

மறுமொழியாக இருந்தது எப்படிக் கட்டளை ஆயிற்று? அரசவையை நினைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். எளியவன் விண்ணப்பம் வைக்கிறான். அரசன் வாய் திறந்து பதில் சொல்கிறான். சொல்கிறவன் அரசன் என்பதால் அந்தப் பதிலே ஆணையாகிவிடுகிறது. கேட்டவன் போக வழிவிடுவதால் அனுமதியும் ஆகிவிடுகிறது. ஒரே வாய்ச்சொல்லில் மூன்று பொருள். தெலுங்கில் ‘உத்தரவு’ என்றால் கட்டளை. மலையாளத்தில் ‘உத்தரம்’ பதிலாகவே நின்றுவிட, ‘உத்தரவு’ அரசாணை ஆகிவிட்டது. விஜயநகர அரசும் அதன் கீழ் செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்களும் ஆண்ட நூற்றாண்டுகளில் தெலுங்கும் தமிழும் ஒரே கச்சேரியில் புழங்கின. இந்தச் சொல் தமிழ் ஊர்களில் வேர்விட அந்த அலுவல் பழக்கம் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

ஆனால் வேர்விடுவதற்கு மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. தமிழில் ‘விடை’ என்ற சொல்லைப் பாருங்கள். கேள்விக்குக் கிடைப்பதும் விடை, புறப்படுமுன் பெறுவதும் விடை. தொல்காப்பியம் பதிலைச் ‘செப்பு’ என்றது. பிறகு வந்த நன்னூல் அதை ‘இறை’ என்று சொல்லி எட்டு வகையாகப் பிரித்தது. ‘விடை’யோ ‘விடு’ என்ற வினையடியிலிருந்து வந்ததால், பதில் சொல்வதும் போகவிடுவதும் தமிழனுக்கு ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். உத்தரவு அந்த வடிவத்துக்குள் வந்து கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. பெரியவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘உத்தரவு வாங்கிக்கறேன்’ என்று சொல்கிற மரியாதை, ‘விடைபெறுகிறேன்’ என்பதன் மறுபிறவிதான். ‘உத்தரவின்றி உள்ளே வா’ என்று 1971இல் ஒரு திரைப்படத்துக்குப் பெயர் வைத்தபோது, அந்தச் சொல்லுக்கு அனுமதி என்ற பொருள் இருப்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி தேசிங்கிடம் வரலாம். அவர் இயற்பெயர் தேஜ் சிங். தந்தை சரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். மராட்டிய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த செஞ்சியை நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயப் படை பிடித்தது. 1700இல் கோட்டையின் காவல் பொறுப்பு சரூப் சிங்குக்கு வந்தது. 1714இல் அவர் இறந்ததும், தந்தையின் உரிமை தனக்கே என்று இருபது வயதைச் சற்றே கடந்த மகன் பொறுப்பேற்றார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கப்பப் பாக்கியைக் கேட்டார். இளைஞர் மறுத்தார். நவாபின் படை செஞ்சியை நோக்கி வந்தது. 1714 அக்டோபர் 3 அன்று நடந்த போரில் தேசிங்கு இறந்தார். அவர் ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் நினைவாக நவாப் பெயரிட்ட ஊரே இராணிப்பேட்டை என்பார்கள்.

கதைப்பாடலும் தெருக்கூத்தும் இந்த ஒரு வருடத்துக்கும் குறைவான வாழ்வை நூற்றாண்டுகளாகப் பாடிவந்தன. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படமாகவும் வந்தது. கதையில் மனதைப் பிசையும் இடங்கள் இரண்டு. மணப்பந்தலில் இருந்த தோழன் முகமதுகான், தேசிங்கின் அழைப்பு வந்ததும் கலியாணத்தை விட்டுவிட்டுப் போருக்குப் போய் உயிர் விடுகிறான் என்பது ஒன்று. சிங்கவரத்தில் பெருமாள் முகம் திருப்பியது மற்றொன்று. இரண்டிலும் நாளைக்கென்று போட்ட கணக்கு இன்றைக்கே கலைந்துபோகிறது.

வரலாற்றாக எடைபோட்டால், சிற்பம் பல்லவர் காலத்தது. போர் 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. தேசிங்கு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தோல்விக்குப் பிறகு ஊர் அந்த முகத்தைப் பார்த்தது. அதில் ‘போகாதே’ என்ற சொல்லைப் படித்தது. உத்தரவு மறுக்கப்பட்டது என்பது பின்னாளில் கிடைத்த அறிவு. ஆயினும் அந்தக் கதையைத் தள்ளிவிட முடியாது. தங்கள் மண்ணில் விழுந்த ஓர் இளைஞனின் மரணம் வெறும் பாக்கிக் கணக்கில் முடிந்துபோனதாக இருக்கக்கூடாது என்று அந்த மக்கள் நினைத்தார்கள். கடவுள் அவனைத் தடுத்துப் பார்த்தார், கடவுளுக்கும் அவன்மேல் அக்கறை இருந்தது என்று சொல்லி அவனுக்கு ஒரு மரியாதை செய்தார்கள். கதையில் தேசிங்கு உத்தரவில்லாமலே போகிறார். அதற்காக ஊர் அவரைப் பழிக்கவில்லை, பாடியது.

உத்தரவு கேட்கும் முறைகள் ஊருக்கு ஊர் வேறு. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வது பரவலான வழக்கம். இதைப் பூக்கேட்பது, பூப்போட்டுப் பார்ப்பது என்பார்கள். பல்லி சொல்வதற்குக் காத்திருப்பவர்கள் உண்டு. கொங்குப் பக்கம் அதற்குக் கவுளி என்று பெயர். செஞ்சிக்கு வடமேற்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவில் திரள்கிறவர்களில் பலர், வீட்டில் தீராத ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டே வருகிறார்கள். வைணவக் கோயில்களில் இதற்கு இன்னொரு சொல்: நியமனம். ‘பெருமாள் நியமனம் ஆயிற்று’ என்றால் அங்கே பொருள் அதுவே.

சொல்லுக்கு ஒரு பெட்டியே செய்துவைத்த ஊர் காங்கேயம் அருகேயுள்ள சிவன்மலை. அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்ற கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் கோயிலுக்கு வந்து தெரிவித்ததும் சாமி முன் பூக்கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டியில் ஏறும். அடுத்தவர் கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி என்று பலவும் இருந்திருக்கின்றன. தண்ணீர் இருந்ததையும் 2004 ஆழிப்பேரலையையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. சிங்கவரத்தில் நடந்ததே இங்கும் நடக்கிறது: பொருள் முதலில் வருகிறது, அதன் அர்த்தம் நிகழ்ச்சிக்குப் பின்னால் வருகிறது. அந்தப் பெட்டியை வருங்காலம் சொல்லும் கருவியாகப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆண்டு முழுதும் ஒரு கூட்டம் ‘நமக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது’ என்ற நினைப்போடு அதன் முன் நின்றுவிட்டுப் போகிறதே, அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நினைப்பு ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. தேசிங்கு இறந்து மூன்று நான்கு ஆண்டுகளில் செஞ்சிக் கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் சாதத்துல்லா கான் பெயரில் பள்ளிவாசல் எழுந்தது. அவர் ஓதிய குர்ஆனின் அல்கஹ்ஃப் அத்தியாயம், நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பணிக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் கலியாணப் பத்திரிகைகளில் இன்றும் தேதிக்கு முன் ‘இன்ஷா அல்லாஹ்’ வருகிறது. அரபு நாட்டவர் ஆண்ட ஸ்பெயினில் இறைவனின் நாட்டத்தைச் சொல்லும் அரபுத் தொடர் ஒன்று ‘ஓஹலா’ என்று உருமாறி, சமயம் மறந்தும் அந்த மொழியில் வாழ்கிறது. கிறித்தவ வேதத்தில் யாக்கோபின் நிருபம், இன்ன ஊருக்குப் போவோம், ஒரு வருடம் தங்கி வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்று பேசுகிற வணிகர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறது. அதிலிருந்து வந்ததுதான் தமிழ்க் கிறித்தவர்கள் கடிதத்திலும் பத்திரிகையிலும் எழுதும் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’. நாட்டம், சித்தம், நியமனம், உத்தரவு: நான்குக்கும் வேர் வேறு, மனம் ஒன்று. ஆனால் உத்தரவில் ஒரு நெருக்கம் கூடுதலாக இருக்கிறது. நாட்டமும் சித்தமும் கடவுள் விரும்பினால் நடக்கும் என்று பொதுவாகச் சொல்கின்றன. உத்தரவோ நேரே எதிரில் போய் நின்று, கேட்டு, பதிலுக்காகக் காத்திருப்பது.

செஞ்சிப் பக்கத்தில் எந்தச் சாமியிடமும் கேட்காத ஒருவரும் இருந்தார். சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாக இருக்கின்றன. அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரை நினைவுகூரும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சமணத்தில் உத்தரவு கொடுக்கும் கடவுள் இல்லை. தன் முடிவைத் தானே நடந்துபோய் ஏற்றுக்கொண்டவர் அவர். அந்தத் துணிவும் இந்த நிலத்தில் விளைந்ததே. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை என்பதால்தான் அதைக் கல்லில் வெட்டினார்கள்.

உழவருக்கு அந்தத் துணிவு வாய்த்தாலும் போதாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய புயல் கலைந்து போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் பெருகியது, வயல்கள் மூழ்கின. புயல் வருவதைச் செயற்கைக்கோள் காட்டியது. அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. விதைக்கும் முன் குலசாமியிடம் உத்தரவு கேட்டவர் நிலமும் மூழ்கியது, கேட்காதவர் நிலமும் மூழ்கியது.

அப்படியானால் கேட்டு என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கான பதிலைச் சொல்லின் உறவினரே வைத்திருக்கிறார். ‘உத்தர’ என்ற அதே வேரில் ‘உத்தரவாதம்’ பிறந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. இன்னொருவர் கடனுக்குப் பொறுப்பேற்று வங்கியில் கையெழுத்துப் போடுவது உத்தரவாதம். சாமியிடம் கேட்பதற்கு இந்தச் சொல்லைத் தமிழர்கள் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. ‘சாமி உத்தரவாதம் குடுத்துச்சு’ என்று எந்தக் கிராமத்திலும் சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே இருந்த சொல்லைத் தொடாமல் விட்டதில் தலைமுறைகளின் தெளிவு இருக்கிறது. உத்தரவு புறப்படத் தருவது. போய்ச் சேர்வதற்கு அது பொறுப்பேற்காது. பயிர் மூழ்கிய பிறகு அதே உழவர் அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் கோயிலுக்குப் போகிறார் என்றால், ஏமாந்தவர் என்று அவரை எண்ணுவது தவறு. தான் கேட்டது எதை என்பது அவருக்குத் தெரியும்.

சொல் இப்போது இளைத்துவருகிறது. கட்டளை என்ற பொருளை அரசாணையும், அனுமதி என்ற பொருளை அனுமதியும், மறுமொழி என்ற பொருளை அரபியிலிருந்து வந்த பதிலும் எடுத்துக்கொண்டன. நீதிமன்றச் செய்திகளிலும் தடை உத்தரவிலும் அது இன்னும் நிற்கிறது. கட்டளை, அனுமதி, மறுமொழி மூன்றும் பிரியாமல் ஒன்றாக ஒலிப்பது கோயில் வாசலில் மட்டும்தான். அங்கும் பூக்கட்டும் முறை, எந்தப் பூ சம்மதம், எத்தனை முறை கேட்கலாம், உத்தரவு வராவிட்டால் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்பவை எழுத்தில் இல்லை. வயதான பூசாரிகளின் நினைவில் இருக்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டையின் கற்களை இனி உலகம் காக்கும். உங்கள் குலசாமி கோயிலில் உத்தரவு கேட்கும் முறையை அந்தப் பூசாரியின் பேச்சிலேயே, அவர் இருக்கும்போதே, நீங்கள் எழுதிவையுங்கள்.