உலோக இழைப்பும் உழைப்போன் பெயரும்: கிற்றாரின் தலைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கைவினைப் பொருளின் அலங்காரத்தை அழகியல் நோக்கில் மட்டும் ஆராய்வது நம்மிடையே நிலைபெற்ற வழக்கமாகும். ஆயின், அவ்வலங்காரம் யாருக்காகச் செய்யப்பட்டது, யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்னும் வினாக்கள் எழும்போதே அது வரலாற்றுச் சான்றாகிறது. கையாற் செய்யப்படும் கிற்றாரின் தலையில், அதாவது தந்திகளை முறுக்கும் ஆணிகள் அமைந்த பகுதியில், வெள்ளியையும் பித்தளையையும் பதிக்கும் வேலையை இக்கண்ணோட்டத்தில் நோக்குவோம்.

ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டில் உருவை வரைந்து நுண்வாளால் அறுத்தெடுப்பர். கருங்காலி போன்ற வன்மரத்தில் அதன் விளிம்பைக் கீறி, அவ்வடிவிலேயே குழி அகழ்ந்து, பசையிட்டுப் பதித்தபின் இரண்டும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பர். விரைந்து தேய்த்தால் உலோகம் சூடேறிப் பசை இளகும்; உலோகத்தூள் மரத்தின் நுண்துளைகளிற் படிந்து கறையாகும். ஈரப்பதன் மிக்க கொழும்பில் மரம் பருத்தும் சுருங்கியும் அசையும். உலோகமோ அவ்வாறு அசைவதில்லை. இவ்விரண்டையும் இணங்கவைக்கும் அறிவு நீண்டகால உழைப்பினாற் பெறப்படுவது.

கிற்றார் நமக்குப் பிந்தி வந்ததாயினும் உலோக வேலைப்பாடு அவ்வாறன்று. கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள லெவ்கே பீரங்கி இதற்குச் சான்றாகும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் கொண்டு அணிசெய்யப்பட்ட இவ்வெண்கலப் பீரங்கியை 1745–46 இல் லெவ்கே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்தான். 1765 இல் அது ஒல்லாந்தரின் கொள்ளைப்பொருளாயிற்று. அம்ஸ்ரடாம் நூதனசாலையிலிருந்து 2023 இலேயே மீண்டது. அதன் பொறிப்பு அறிவிப்பது கொடையாளியான பிரபுவின் பெயரை. வேலைப்பாடு கைவினைஞனுடையது, பெயரோ அதிகாரத்தினுடையது. நிலமானிய அமைப்பின் இயல்பு இவ்வாறு உலோகத்திலேயே பதிவாகியுள்ளது.

1815 இல் கண்டி அரசு வீழ்ந்தபின் இக்கைவினைகள் நலிந்தமையை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூலின் 425 பிரதிகள் அச்சாயின என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும், சோசலிசவாதியான மொறிஸ் கைவினையின் மீட்சியை உழைப்போரின் விடுதலையோடு இணைத்தார். குமாரசுவாமியோ சாதிக் கட்டுக்குள் அமைந்த பழைய ஒழுங்கை இலட்சியப்படுத்தினார். அவர் திரட்டிய தரவுகளை ஏற்கும் நாம் அந்த ஏக்கத்தை ஏற்பதற்கில்லை.

முதலாளித்துவம் பிரபுவின் பெயரை அகற்றி வணிகக்குறியைப் பதித்தது. கிற்றாரின் தலையே அதற்குரிய இடமாயிற்று. இங்கிலாந்தின் ரொனி செமைற்றிஸ் தனியொருவராக நின்று கிற்றார்களைச் செய்தார். அவற்றின் உலோகத் தகடுகளிற் சித்திரம் செதுக்கிய டனி ஓபிரையன் துப்பாக்கிகளைச் செதுக்கிப் பழகியவர். உழைத்தவனின் பெயரே கருவியில் நின்றமை ஒரு வெற்றிதான். ஆனால் செமைற்றிஸ் 2002 இல் இறந்தபின் அப்பெயரே ஜப்பானிய நிறுவனமொன்றின் உற்பத்திப் பொருள்களுக்குரிய வணிகக்குறியாயிற்று. பண்டம் தன்னுள் உறைந்த உழைப்பை மறைக்கிறது என 1867 இல் மார்க்ஸ் விளக்கியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பைலாவோடும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் தமிழ்ப் பொப்பிசையோடும் கிற்றார் இலங்கையரின் இசைவாழ்வில் வேரூன்றியது. பாடியோரின் பெயர்களை நாம் அறிவோம்; அவர்தம் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் கொடுத்த கைகளை அறியோம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருவிலும் நகையிற் காணப்படுவது கடையின் முத்திரையே. பின்னறையில் நுண்வாள் பிடித்த பத்தரின் பெயரன்று. கிற்றாரின் தலையில் வெள்ளியை இழைப்பதற்கு வேண்டிய கைத்திறனும் அவருடையதே.

எனவே, நமது கலைவரலாறு புரவலரையும் கலைஞரையும் பதிவு செய்வதோடு அமையாது, இக்கைவினைஞரின் பெயர்களையும் தொழில்முறைகளையும் அவர்கள் பெற்ற கூலியையும் ஆவணப்படுத்துதல் வேண்டும். அலங்காரத்தின் வரலாறு உழைப்பின் வரலாறாக எழுதப்படும்போதே முழுமை பெறும்.