ஒட்டாமையின் விலை

கிள்ளானில் உறைபனி பொழிவதில்லை. ஆயினும் உறைபனி நாட்டார் தம் சறுக்குப்பலகையின் மேற்பரப்பைப் பார்த்து எழுப்பும் வினா கிள்ளானுக்குப் புதியதன்று. ஒட்ட வேண்டாத இடத்தில் ஒன்று ஒட்டுவதை எவ்வாறு தடுப்பது என்பதே அவ்வினா. நம் முன்னோர் பால்மரத் தோட்டங்களில் இதை நாள்தோறும் எதிர்கொண்டனர். இன்றும் இவ்வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைகள் இதற்கே விடை தேடுகின்றன. சறுக்குப்பலகை, பால்மரம், கையுறை ஆகிய மூன்றன் வரலாற்றையும் இவ்வுரையில் அடுத்தடுத்துக் காண்போம். ஒட்டாமையை மனிதர் எவ்வாறு அடைந்தனர், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்னும் இரண்டு கேள்விகளும் நம்மை வழிநடத்தட்டும்.

பலகையின்மேல் பனி

காலுக்கு ஒன்றாகப் பொருத்திக்கொண்டு உறைபனிமேல் வழுக்கிச் செல்வதற்குரிய நீண்ட, ஒடுங்கிய பலகையே சறுக்குப்பலகை. சுவீடன் நாட்டின் கால்வ்திரெஸ்க் என்னுமிடத்தில் 1924இல் கண்டெடுக்கப்பட்ட பலகை ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைமையுடையது. அக்காலத்தில் அது விளையாட்டுப் பொருளன்று. வேட்டைக்கும் பயணத்திற்கும் உரிய கருவி. வடபுலத்துச் சாமி மக்களின் நாட்டைப் பற்றி யோகான்னஸ் ஷெஃபெருஸ் 1673இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூல், பலகைக்குப் பைன் மரத் தாரும் பிசினும் பூசுவதைக் குறிப்பிடுகிறது. மரம் நீரை உறிஞ்சாமல் இருக்கவும் பனி பற்றாமல் இருக்கவும் அப்பூச்சு உதவிற்று.

நூல்களில் பெரிதும் பேசப்படுவது பலகையின் அடிப்பரப்பே. வழுக்குவது அடிப்பரப்பு என்பதால் அது இயல்பே. ஆனால் நெடுந்தொலைவு நடப்பவரை வருத்துவது மேற்பரப்பு. வீட்டினுள் வெதுவெதுப்பாக இருந்த பலகையை உடனே பனியில் வைத்தால், அதன்மேல் விழும் பனி முதலில் உருகும். பலகை குளிர்ந்தபின் அந்நீர் உறைந்து பலகையை இறுகப் பற்றிக்கொள்ளும். கருநிறப் பலகை வெயிலில் சூடேறி மீண்டும் குளிரும்போதும் இதுவே நிகழ்கிறது. உறைந்த முதற்படலம் கரடுமுரடானது. ஆதலால் அடுத்து விழும் பனி அதன்மேல் எளிதில் தங்கிப் படிப்படியாகக் கனக்கிறது. ஒவ்வொரு பலகைமீதும் அரைக் கிலோ பனி சேர்ந்தது என்று கொள்வோம். ஆயிரம் அடிகள் எடுத்து வைப்பவர் ஐந்நூறு கிலோவை வீணே சுமந்தவர் ஆகிறார்.

இதற்கு வழங்கும் தீர்வுகள் எளியவை. புறப்படுமுன் பலகையை வெளியே வைத்துக் குளிரச் செய்வர். மேற்பரப்பை ஈரமின்றித் துடைத்து மெழுகு தேய்த்து மெருகேற்றுவர். கீறல் விழாமல் காப்பர். வெளிர்நிறப் பலகையைத் தேர்வர். படிந்த பனியை ஊன்றுகோலால் தட்டி அகற்றுவர். இவற்றுள் மெழுகின் வரலாறே நம்மை அடுத்த கட்டத்திற்கு அழைத்துச் செல்கிறது.

தாமரை இலையும் மெழுகும்

ஒரு துளி நீர் ஒரு பரப்பில் தட்டையாகப் பரவுமா, முத்தாக உருளுமா என்பதைத் துளியின் விளிம்பு அப்பரப்போடு அமைக்கும் கோணம் காட்டும். இதனை 1805இல் ஆங்கில அறிஞர் தாமஸ் யங் விளக்கினார். கண்ணாடிமேல் நீர் பரவுகிறது, மெழுகின்மேல் திரள்கிறது. பரவாத நீர் உறைந்தாலும் அதன் பிடி தளர்வாகவே இருக்கும். பலகையின் மேற்பரப்பில் மெழுகு தேய்ப்பதன் பயன் இதுவே.

'தாமரை இலைத் தண்ணீர்' என்று பற்றின்மைக்கு உவமை கூறும் மொழி நம்முடையது. அவ்விலையின் இயல்பை நுண்ணோக்கியின் துணையால் ஆராய்ந்து, செருமானிய அறிஞர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிசும் 1997இல் விரிவாக வெளியிட்டனர். இலையின் மேற்புறம் எங்கும் நுண்ணிய மேடுகள். மேடுகளின்மேல் அவற்றினும் நுண்ணிய மெழுகுத் துகள்கள். நீர்த்துளி மேடுகளின் நுனிகளை மட்டுமே தொட்டு நிற்கிறது; எஞ்சிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. அதனால் துளி உருண்டோடுகையில் தூசியையும் உடன் கொண்டு செல்கிறது. வீட்டோரத்தில் வளரும் சேம்பின் இலையைக் கொண்டு இதனை வகுப்பறையிலேயே காட்டலாம்.

எனினும் நீர் ஒட்டாத பரப்பில் பனியும் ஒட்டாது என்று முடிவு கட்டுதல் பிழை. காற்றின் ஈரம் மேடுகளின் இடுக்குகளுக்குள்ளேயே உறையுமானால், அதே மேடுகள் பனிக்கட்டிக்குப் பிடிமானம் ஆகிவிடும். ஆகவே இலையைப் பார்த்துச் செய்த பூச்சு எல்லாக் குளிருக்கும் மருந்தாகாது.

எதனோடும் சேராத பொருள்

1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் பிளங்கெட் எதிர்பாராத வகையில் ஒரு வெண்பொடியைக் கண்டறிந்தார். பின்னாளில் டெஃப்லான் எனப் பெயர்பெற்ற அப்பொருளில் கரியணுக்களை ஃபுளோரின் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. நீரும் எண்ணெயும் அதில் ஒட்டுவதில்லை. அதே குடும்பத்துச் சேர்மங்கள் 1980களில் பனிச்சறுக்கு மெழுகில் கலக்கப்பட்டன. போட்டியாளர்களின் வேகம் கூடிற்று.

விலையைச் செலுத்தியோர் வேறு சிலர். இம்மெழுகைச் சூடான இரும்பினால் உருக்கிப் பலகையில் தேய்க்கும்போது எழும் ஆவியையும் தூளையும் சுவாசித்தவர்கள் மெழுகுத் தொழில்நுட்பர்கள். சுவீடனில் அவர்களின் குருதியை ஆராய்ந்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இச்சேர்மங்கள் பொதுமக்களிடம் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டியது. பனியில் தேய்ந்து கழிந்த மெழுகு மண்ணையும் நீரையும் சேர்ந்தது. இயற்கையில் எளிதில் சிதையாத காரணத்தால் இச்சேர்மங்களை 'நிரந்தர வேதிப்பொருள்கள்' என்று அழைக்கின்றனர். அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2019இல் இவ்வகை மெழுகைத் தடைசெய்ய முடிவு செய்தது. சோதிக்கும் கருவிகள் ஆயத்தமாகாமையால் காலம் நீண்டு, 2023-24ஆம் பருவத்தில் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பலகையில் எதையும் ஒட்டவிடாத பொருள், பலகையைத் தேய்த்தவரின் குருதியில் ஒட்டிக்கொண்டது.

பால்மரக் காட்டில்

இத்தகைய கணக்கைக் கிள்ளான் வட்டாரமும் அறியும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்ற விதைகளிலிருந்து வந்த கன்றுகள், 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரின் நிலப்பரப்பே பால்மரக் காடாயிற்று. அக்காட்டில் வேலை செய்ய வந்தோருள் பெரும்பாலோர் தமிழர்.

மரப்பால் இரு முகம் கொண்டது. மங்கில் வடியும்போது அது நீர்மமாக இருத்தல் வேண்டும். பால் கொட்டகையை அடைந்தபின் உறைதல் வேண்டும். காற்றுப் பட்டால் பால் தானே திரளத் தொடங்கும். மங்கில் திரண்டது கட்டிப்பால்; மரத்திலும் மங்கிலும் படிந்து காய்ந்தது ஒட்டுப்பால். இவற்றுக்குப் பாலைவிடக் குறைந்த விலையே மதிப்பிடப்பட்டது. ஆதலின் பால் உரிய காலத்திற்குமுன் ஒட்டுவது தொழிலாளியின் கூலியைத் தொட்டது. மங்கை நாள்தோறும் துடைத்தனர், வாளியைக் கழுவினர், பால் திரளாமலிருக்க அமோனியாவைச் சில துளிகள் இட்டனர். கொட்டகையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்தபின், அது தொட்டிகளில் பற்றாதபடி அவற்றை உடனுக்குடன் தேய்த்துக் கழுவினர்.

மரப்பாலின் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அவ்விலக்கத்தை அழித்து அவற்றை ஒன்றுசேர்க்கிறது. அமோனியா அவ்விலக்கத்தைக் காக்கிறது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் பெரும்பணி செய்தது. வேதியியல் நூலைத் தொடாத பால்வெட்டுக்காரர்களோ இவ்விளைவைத் தம் அன்றாட வேலையில் கண்டறிந்திருந்தனர். அவர்களின் கண்களை அமோனியா எரித்தது. தோலை அமிலம் புண்ணாக்கியது. கழுவிய நீர் ஓடைகளிலும் ஆறுகளிலும் கலந்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், இரப்பர் ஆலைக் கழிவுநீருக்கென்றே தனி விதிமுறைகள் 1978இல் பிறப்பிக்கப்பட்டன. அதுவரை அவ்விலையை ஆறு தாங்கிற்று.

மாவு தூவிய கையுறை

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பின்னரும் மரப்பால் கிள்ளானை விட்டு நீங்கவில்லை. மேரு முதலிய பகுதிகளில் கையுறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கை வடிவப் பீங்கான் அச்சைக் கால்சியம் உப்புக் கரைசலில் தோய்த்துப் பின் மரப்பாலில் தோய்ப்பர். உருவான கையுறை அச்சிலிருந்து கிழியாமல் கழன்று வருவதற்கான பொருளையும் அக்கரைசலிலேயே கலப்பர். கழன்ற கையுறை தன்னோடு தானே ஒட்டும். அணிபவர் கையையும் பற்றும். இதைத் தவிர்க்கப் பல்லாண்டுகள் சோளமாவு தூவினர்.

அந்த மாவு மரப்பாலின் புரதங்களைச் சுமந்து காற்றில் பரவி, மருத்துவப் பணியாளர்க்கு ஒவ்வாமையை உண்டாக்கிற்று. அறுவைக் காயங்களில் விழுந்த மாவு அழற்சிக்கும், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கும் காரணமாயிற்று. ஒட்டாதிருக்கத் தூவியதே உடலினுள் ஒட்டுதலை விளைவித்தது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2017 சனவரியில் மாவு தூவிய மருத்துவக் கையுறைகளுக்குத் தடை விதித்தது. குளோரின் நீரில் கழுவியும் உட்புறத்தில் மென்படலம் பூசியும் மாவில்லாக் கையுறை செய்யும் முறை மேலோங்கிற்று. குளோரினைக் கையாள்வோரின் பாதுகாப்பு அதனோடு சேர்ந்த அடுத்த கேள்வி.

மாணவர்க்கு ஒரு வினா

தார், மெழுகு, ஃபுளோரின், அமோனியா, மாவு என்று ஒவ்வொரு காலமும் ஒட்டாமைக்கு ஒரு பொருளைக் கண்டது. கருவி பயன் பெற்றது. கருவியை ஆயத்தம் செய்தவரின் கை துன்புற்றது. ஆகவே ஒரு பொருள் 'ஒட்டாது' என்று கேள்விப்படும்போது, அது தேய்ந்து எங்கே செல்கிறது, அதைப் பூசுபவர் யார் என்று மாணவர் வினவப் பழகுதல் வேண்டும். அறிவியலும் வரலாறும் ஒரே பாடவேளையில் சந்திக்கும் இடம் இது.

ஆசிரியர்கள் செய்யத்தக்க மற்றொரு பணியும் உண்டு. மங்கு, கட்டிப்பால், ஒட்டுப்பால், காண்டா வாளி என்னும் சொற்களை அன்றாடம் வழங்கிய தலைமுறை நம் இல்லங்களில் இன்னும் இருக்கிறது. பாலை எவ்வாறு திரளாமல் காத்தனர், கைகளை எதனால் கழுவினர், எப்பொருள் எரிச்சல் தந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வைக்கட்டும். சாமி மக்களின் பலகைப் பூச்சை ஒருவர் எழுதி வைத்தமையால் 350 ஆண்டுகளுக்குப் பின்னும் அதனை நாம் அறிகிறோம். பால்மரக் காட்டின் அறிவும் அவ்வாறே எழுத்தில் நிலைபெறுதல் வேண்டும்.