மெசியாவின் தொழுகை: திமொத்தேயு – அல்-மஹ்தி உரையாடலில் ஒரு வினா

அப்பாசியக் கலீஃபா அல்-மஹ்தி (ஆட்சி 775–785), கீழைத் திருச்சபையின் மறைமுதுவர் முதலாம் திமொத்தேயுவுடன் நிகழ்த்திய சமய உரையாடல், திமொத்தேயு சிரியாக் மொழியில் எழுதிய மடலாகக் கிடைக்கிறது. தொழுத இயேசு எவ்வாறு இறைவனாவார் என்று கலீஃபா அதில் வினவுகிறார். தொழுகை தேவையுடையோர் செயல். இறைவனோ தேவையற்றவன் என்பதே வினாவின் அடிப்படை. ஈசாவை மசீஹ் எனவும் இறைத்தூதர் எனவும் போற்றும் குர்ஆனும் அவரது இறைத்தன்மையை மறுக்கிறது. இயேசு தொழுததைத் திமொத்தேயு ஒப்புக்கொள்கிறார். ஆயினும் மனிதநிலையிலேயே தொழுதார் என்றும், சீடர்க்குக் கற்பிக்கவே தொழுதார் என்றும் விடையிறுக்கிறார். கிறித்துவின் ஈரியல்புகளையும் வேறுபடுத்தி உணர்த்தும் அத்திருச்சபையின் கோட்பாடே இவ்விடைக்கு அடித்தளம். ஆகவே இருவரும் ஏற்ற ஒரே செய்தி எதிரெதிர் முடிவுகளுக்குச் சான்றாகிறது. கலீஃபாவின் குரலும் திமொத்தேயுவின் எழுத்து வழியே நம்மை வந்தடைவதால், இசுலாமிய ஆட்சியின்கீழ் ஒரு திருச்சபை தன் நம்பிக்கைக்கு அளித்த விளக்கமாக இம்மடலைக் கொள்வதே பொருந்தும்.