குருதியின் மறைந்த ஏடு: ஒரு பரம்பரையலகின் வரலாறு

ஊவா நாட்டின் பழமையை ஆராய்வோர் கல்வெட்டு, நாணயம், கோட்டைச் சிதைவு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. ஆயின் இந்நாட்டு மக்களின் வரலாற்றைத் தாங்கிநிற்கும் மற்றுமோர் ஏடும் உண்டு. அஃது அவர்தம் நாளங்களில் ஓடும் குருதியாகும். மகியங்கனைப் பகுதியின் வேடரும், மலைச்சரிவுகளில் வாழும் சிங்கள மக்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தினின்று ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தோரின் வழித்தோன்றல்களும் அவ்வேட்டின் பக்கங்களைத் தத்தம் உடலிலே சுமந்துள்ளனர். அதனைப் படிக்கும் முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அம்முயற்சி, கலக்கருவினுள் உறையும் ஒரு புரதத்தையும் அதனை ஆக்கும் மனிதப் பரம்பரையலகையும் கண்டறிவதற்கு வழிகோலிய வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1866ஆம் ஆண்டிலே தோர்ப்பாத்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேர்பர் என்பார், பிறந்த குழந்தையின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் காரத்தினால் எளிதிற் சிதைவதில்லை என்பதையும், வளர்ந்தோரின் ஈமோகுளோபின் விரைவிற் சிதைகின்றது என்பதையும் கண்டார். தாய்வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஒருவகை ஈமோகுளோபினும் பிறந்து வளர்ந்தோருக்கு வேறொருவகையும் உள என்பது இதனாற் பெறப்பட்டது. வளர்ந்தோர்க்குரியது இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் கூடியமைவது. சிசுவுக்குரியதிலோ பீட்டாவின் இடத்திலே காமாச் சங்கிலிகள் நிற்கும். பிறந்து ஏறத்தாழ ஆறு திங்களுள் முன்னது பின்னதன் இடத்தைப் பெரிதும் கைக்கொள்ளும். வளர்ந்தோரிற் பெரும்பாலாரிடத்துச் சிசு ஈமோகுளோபின் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவாகவே எஞ்சுகின்றது.

இம்மாற்றம் நோயோடு தொடர்புடையது என்பது நெடுங்காலம் உணரப்படவில்லை. 1925இல் அமெரிக்க மருத்துவர் தோமஸ் கூலி குழந்தைகளைப் பீடிக்கும் கடிய குருதிச்சோகை ஒன்றனை விவரித்தார். கிரேக்க மொழியிற் கடலைக் குறிக்கும் சொல்லினின்று அந்நோய்க்குப் பின்னர் தலசீமியா என்னும் பெயர் உண்டாயிற்று. பீட்டாச் சங்கிலி போதிய அளவு உண்டாகாமையே பீட்டாத் தலசீமியாவின் காரணமாகும். துணையிழந்த அல்பாச் சங்கிலிகள் படிந்து செங்குழியங்களையும் அவற்றின் முன்னோடிக் கலங்களையும் அழிக்கின்றன. 1948இல் நியூயோர்க்கைச் சார்ந்த ஜனெற் வாட்சன் என்னும் அம்மையார், அரிவாளுருக்கல நோயுடன் பிறந்த குழந்தைகள் முதற் சில திங்கள் நோயின்றி இருப்பதற்குச் சிசு ஈமோகுளோபினே காரணமாகலாம் எனக் கூறினார். பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இக்கூற்று வித்தாக அமைந்தது.

இவ்வாராய்ச்சியைத் தமிழ் நிலத்தோடும் ஈழத்தோடும் பிணைத்தவர் ஹெர்மன் லேமன் ஆவார். 1910இல் ஜெர்மனியிலே பிறந்து இங்கிலாந்திற் புகலடைந்த இவர், மேரி கட்புஷ் என்பாருடன் சேர்ந்து நீலகிரி மலைக்குடிகளிடையே அரிவாளுருக்கலப் பண்பு உண்டு என்பதை 1952இல் வெளியிட்டார். அதுவரை அப்பண்பு ஆபிரிக்க வழியினர்க்கே சிறப்பாக உரியதெனக் கருதப்பட்டு வந்தது. 1955இல் எடிங்டன் என்பாருடன் கூடி, வளர்ந்த பின்னும் சிசு ஈமோகுளோபினை மிகுதியாகக் கொண்டு நலத்துடன் வாழ்வோர் மேற்கு ஆபிரிக்காவில் உளர் என்பதையும் இவர் காட்டினார். 1963இல் ஆர். எல். விக்கிரமசிங்க முதலானோருடன் இலங்கை வேடர்தம் குருதியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலும் இவரது பெயர் காணப்படுகின்றது. வேடரிடையே ஈமோகுளோபின் 'ஈ' என்னும் வகை உண்டு என்பது அக்காலத்து ஆய்வுகளால் தெளிவாயிற்று. தென்கிழக்காசியாவிலே பரவலாகக் காணப்படும் அவ்வகை, பீட்டாச் சங்கிலியின் இருபத்தாறாம் அமினோவமிலம் ஒன்று மாறுபட்டமையால் விளைவதாகும்.

இத்தகைய குறைபாடுகள் வெப்பநாடுகளில் மிகுந்திருப்பதன் காரணத்தை 1949இல் ஹால்டேன் எடுத்துரைத்தார். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்றோர் மலேரியாவுக்கு எளிதில் இரையாவதில்லை; ஆதலின் அது தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது என்பது அவர் கருத்து. 1934-35ஆம் ஆண்டுகளிலே ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை மலேரியாவுக்குப் பலியிட்ட இலங்கைக்கு இக்கருத்து நன்கு பொருந்தும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. பகை நீங்கிற்று, பகைக்கெனப் பூண்ட கவசமோ குருதியிலே தங்கிவிட்டது.

ஊர்தோறும் அக்கவசத்தின் சுவடுகள் உள. பீட்டா அலகினது முதல் இடையீட்டுப் பகுதியின் ஐந்தாம் எழுத்து மாறிய விகாரம் தமிழகத்தினும் இலங்கையினும் மிகுதியாகக் காணப்படுவது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே எழுத்துப்பிழை பயின்று வருதல், இரு நிலத்து மக்களின் தொன்மைத் தொடர்புக்கு எவ்வேடும் தரமுடியாத சான்றாகும். 2000ஆம் ஆண்டிலே ஷாந்திமாலா த சில்வா, டேவிட் வெதரால் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, எக்காலத்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தலசீமியா நோயாளர்க்கு இலங்கை மருத்துவம் அளிக்க வேண்டிவரும் எனக் கணித்தது. ஒரு பெற்றோரிடமிருந்து 'ஈ' வகையையும் மற்றவரிடமிருந்து தலசீமியாவையும் பெற்றோர் அவருட் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினர்.

இக்கலப்பு நோயின் கடுமை ஆளுக்காள் வேறுபடுகின்றது. ஒரு குழந்தை திங்கள்தோறும் பிறர் குருதியை ஏற்றே உயிர்வாழ, மற்றொன்று குருதி ஏற்றாமலே பள்ளிசென்று வளர்கின்றது. 2005இல் அனுஜ பிரேமவர்தன முதலானோர் இலங்கையின் 109 நோயாளரை ஆண்டுக்கணக்கிற் கவனித்து, அதுவரை குருதி ஏற்றப்பட்டு வந்தோருட் பலருக்குத் தீங்கின்றி அதனை நிறுத்தலாம் எனக் கண்டனர். ஏற்றும் குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து கேடு செய்யுமாதலின் இஃது உயிர்காக்கும் அறிவாகும். இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களுள் ஒன்று, வளர்ந்தபின் எஞ்சும் சிசு ஈமோகுளோபினின் அளவாகும். காமாச் சங்கிலிகள் துணையிழந்த அல்பாச் சங்கிலிகளுக்குத் துணையாகிக் கலத்தைக் காக்கின்றன.

ஆயின் சிசு ஈமோகுளோபினை அடக்குவது யாது? விடை எதிர்பாராத திசையினின்று வந்தது. 2000இல் சுண்டெலியின் புற்றுநோயை ஆராய்ந்தோர் ஒரு புதிய அலகைக் கண்டனர். 2001இல் மார்ட்டின் டயர், பிலிப் டக்கர் முதலானோர் அதற்கு நிகரான மனித அலகை இரண்டாம் நிறமூர்த்தத்திலே கண்டு, அது வெண்குழியப் புற்றுநோய் சிலவற்றில் இடம்பெயர்வதைக் காட்டினர். பி.சி.எல். 11ஏ என்பது அதன் பெயர். அது ஆக்கும் புரதத்தின் நெடிய வடிவம் 835 அமினோவமிலங்களைக் கொண்டது. நாக உலோகத்தின் அணுவைப் பற்றிநிற்கும் விரல்போன்ற மடிப்புகளால் பரம்பரைச் சரட்டைப் பிடிக்க வல்லது. 2006இல் டக்கரின் குழுவினர் அவ்வடிவம் கலக்கருவினுள் உறைவதை விளக்கினர். அக்கட்டத்தில் அதனைச் சிசு ஈமோகுளோபினோடு தொடர்புபடுத்தியோர் இலர்.

2007இலும் 2008இலும் இலண்டனில் சுவீ லே தெயின் குழுவினரும், சார்தீனியத் தீவிலே ஆராய்ந்தோரும், மக்களின் பரம்பரைச் சரடுகளை ஒப்புநோக்கிச் சிசு ஈமோகுளோபின் மிகுந்தோரை இவ்வலகின் வேறுபாடுகள் குறிப்பதை அறிந்தனர். 2008இல் பொஸ்ரனில் விஜய் சங்கரன், ஸ்ருவர்ட் ஓர்க்கின் முதலானோர் என்பு மச்சையின் முன்னோடிக் கலங்களில் இப்புரதத்தைக் குறைத்தபோது சிசு ஈமோகுளோபின் மீண்டும் எழுந்தது. அடக்கும் காவலன் அகப்பட்டான்.

எனினும் அவனை முற்றாக அகற்றுதல் தகாது. நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் மூளைக்கும் இப்புரதம் இன்றியமையாதது. 2013இல் பவுவர், ஓர்க்கின் முதலானோர் செங்குழிய வழியில் மட்டும் இவ்வலகைத் தூண்டும் ஒரு சிறுபகுதியைக் கண்டறிந்தமை இவ்விடரை நீக்கிற்று. நோயாளரின் சொந்த மச்சைக் கலங்களிலே அப்பகுதியை வெட்டிச் சிதைத்து மீளச் செலுத்தும் காஸ்கெவி என்னும் மருத்துவம் 2023 நவம்பரிற் பிரித்தானியாவிலும் அடுத்த திங்களில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதற்கு இடப்பட்ட விலை இருபத்திரண்டு இலட்சம் டொலர்.

ஹல்துமுல்லைத் தோட்டமொன்றின் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அவ்விலை என்ன பொருள் தரும்? நீலகிரிக் குடிகளும் ஊவாவின் வேடரும் அளித்த குருதியாலும் வளர்ந்த அறிவு, அன்னோர் எட்டவியலாத விலையுடன் அவர்முன் நிற்கின்றது. எனினும் அவ்வறிவின் மலிவான கனி ஒன்றும் உண்டு. குறையைச் சுமப்போர் இருவர் மணம்புரிந்தால் ஒவ்வொரு மகவும் நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சிறிதளவு குருதியைச் சோதித்தால் அதனை முன்னரே அறியலாம். கோள்களின் பொருத்தத்தைப் பல நாள் ஆராயும் நம்மவர், குருதிப் பொருத்தத்துக்கு ஒரு நாளை ஒதுக்குவராயின், பெரகலை ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியே பதுளை மருத்துவமனைக்குக் குழந்தையைச் சுமந்துசெல்லும் தாயரின் தொகை வருங்காலத்திற் குறையும். அதனைக் கற்றோர் எடுத்துரைத்தல் கடனாகும்.