மஞ்சள் அட்டையும் மண்டபம் முகாமும்

என் தங்கை பேரனுக்கு உகாண்டாவில் வேலை கிடைத்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் அங்கே இறங்க முடியாது. சின்னசேலத்தில் அந்த ஊசி ஏது? கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகச் சொன்னார்கள். துணைக்கு நான் போனேன்.

ஊசி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து மஞ்சள் அட்டையைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அச்சாகியிருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் சும்மா இருப்பேனா? வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'வாக்சின்' என்ற சொல்லே பசுவிலிருந்து வந்தது. லத்தீனில் பசு 'வாக்கா', பிரெஞ்சில் 'வாஷ்'. 1796-ல் ஜென்னர் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவன் கையில் குத்திப் பார்த்ததிலிருந்து வந்த பெயர். கிங் இன்ஸ்டிட்யூட்டும் 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. கன்றுக்குட்டித் தோலில் வளர்த்து எடுத்து ஜில்லாக்களுக்கு அனுப்புவார்கள்.

அட்டையைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். பையனுக்கோ எட்டாம் நாள் விமானம்! முப்பது வருஷத்துக்கு மேல் விதிப் புத்தகம் புரட்டிய குமாஸ்தா, இந்த விதியைப் புரட்டாமல் விட்டேன். பணம் கட்டித் தேதியை மாற்றினோம். முன்பு அட்டை பத்து வருஷம்தான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று: வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியை முட்டையில் வளர்த்து எடுத்த மருந்து இது. அறுபது தாண்டியவர்களுக்கும் முட்டை ஒவ்வாதவர்களுக்கும் டாக்டர் யோசித்துத்தான் போடுவார். பிள்ளைகளைப் பார்க்க ஆப்பிரிக்கா போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் திரும்பும்போது பையன், "ஒரு ஊசிக்கு இவ்வளவு கெடுபிடியா தாத்தா?" என்று அலுத்துக்கொண்டான். மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன்.

சேலம், திருச்சி, தென்னாற்காடு, மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணி பேச்சைக் கேட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கானோர். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் அதுதான் பெரிய வழி. காலராவும் அம்மையும் தங்கள் தீவுக்குள் வரக்கூடாதென்று இலங்கை அரசாங்கம் நம் கரையிலேயே, மண்டபத்தில், முகாம் நடத்தியது. தொழிலாளிகளை ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே நிறுத்தி, துணிமணிகளை ஆவியில் போட்டு, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, பிறகுதான் கப்பலேற்றுவார்கள்.

சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த ஒரு ஆத்தா எங்கள் தெருவில் இருந்தார். சிறுமியாக மண்டபம் போனவர். கையில் இரண்டு வட்டத் தழும்பு. குத்தி முடித்ததும் மாரியாத்தா கோபிப்பாள் என்று அவருடைய அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாராம், அப்படியும் பிடித்துக்கொண்டது. "என்ன ஏதுன்னு ஒருத்தரும் சொல்லல சாமி. மாட்டை ஓட்டற மாதிரி வரிசையில வுட்டாங்க" என்பார். அம்மை வராமல் போனதற்கு அந்தத் தழும்பும் காரணமாயிருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "இருக்கட்டும், சொல்லிட்டுக் குத்தியிருக்கலாமில்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு இலங்கை போவதைத் தடை செய்தது. பின்னாளில் அதே மண்டபத்தில் இலங்கை அகதிகளுக்கு முகாம் வந்தது. 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பெரியம்மை ஒழிந்ததென்று அறிவித்தபின், பிரயாணிகளுக்கு அம்மை குத்திய சான்றிதழும் தேவையில்லாமல் போயிற்று.

நம் நாடும் சளைத்ததில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு நம்மிடம் ஏராளம். கிருமிதான் இன்னும் வரவில்லை. அதனால் அந்த நோயுள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் அட்டையில்லாமல் வந்திறங்குகிறவரை ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஆக, திரும்பி வரும்போதும் பையனுக்கு அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை என்று சொல்லி அனுப்பினேன்.

என்டெபி விமான நிலையத்தில் இறங்கியதும் செய்தி அனுப்பினான். அட்டையைத்தான் முதலில் கேட்டார்களாம், பாஸ்போர்ட் அப்புறம்தான்.