ப்ளூ ஸ்கிரீன் யார் தப்பு? கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல ஒரு பழைய பஞ்சாயத்து

இன்னிக்கு எபிசோடு எங்க வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துல ஆரம்பிக்குது.

2016. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அப்பா மாதவரத்துல கண்டெய்னர் லாரி ஓட்டிட்டிருந்தார். அவர் சேர்த்து வச்ச காசுல ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணோம். ஆறு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினேன். அன்னிலேர்ந்து தினமும் நாலு தடவை ப்ளூ ஸ்கிரீன்.

கார்டு வித்தவர் அதை அவர் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்துட்டு, "தம்பி, கார்டு பக்கா. உன் போர்டுதான் அவுட்டு"ன்னார். போர்டு சர்வீஸ் பண்றவர் கார்டைக் கழட்டிட்டு ஓட்டிப் பார்த்து, "போர்டு நல்லாத்தான் இருக்கு. கார்டைத் தூக்கிப் போடு"ன்னார். புது போர்டு வாங்க அப்பா கடன் கேட்கவே கிளம்பிட்டார்.

இதுல யாருமே பொய் சொல்லல. அதுதான் விஷயமே. இந்தக் குழப்பத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

1981-ல ஐபிஎம் பிசி வந்தப்போ, ப்ராசஸரைக் கூப்பிட மொத்தமே 8 இன்டரப்ட் லைன்தான். ஐஆர்க்யூன்னு சொல்லுவாங்க. 1984-ல வந்த ஏடி மாடல்ல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. அப்பவும் பத்தல. சவுண்ட் கார்டும் பிரிண்டர் போர்ட்டும் ஒரே 7-ம் நம்பர் லைனுக்கு அடிச்சுக்கும். கார்டு மேல இருக்கிற குட்டி ஜம்பரைக் கையால மாத்தி வச்சுத்தான் சமாதானம் பண்ணணும்.

1995 ஆகஸ்ட் 24, விண்டோஸ் 95 வந்துச்சு. இனிமே மாட்டினா போதும், மீதியை சிஸ்டமே பார்த்துக்கும்னாங்க. அதுக்குப் பேரு 'ப்ளக் அண்ட் ப்ளே'. வாங்கினவங்க அதை 'ப்ளக் அண்ட் ப்ரே' ஆக்கிட்டாங்க. மாட்டிட்டு சாமி கும்பிடுன்னு அர்த்தம். 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் மேடை. விண்டோஸ் 98-ஐக் காட்டும்போது ஒரு ஸ்கேனரைச் சொருகினாங்க. பக்கத்துல பில் கேட்ஸ் நிக்கிறார், பின்னாடி பெரிய திரை முழுக்க நீலம்.

இங்க ஒரு விஷயம் புரியணும். நீங்க ஓட்டுற ஆப் கிராஷ் ஆனா, வீட்டுல ஒரு பல்பு ஃப்யூஸ் போன மாதிரி. ஆனா டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ள ஓடும். அது மெயின் போர்டுல கை வைக்கிற மாதிரி. அங்க தப்பு நடந்தா வீடு மொத்தமும் இருட்டு. ப்ளூ ஸ்கிரீன்ங்கிறது மெயின் ட்ரிப் ஆகுறதுதான். இதுக்கு மேல ஓடினா டேட்டா கெட்டுப் போயிடும்னு சிஸ்டம் தானாவே நிறுத்திக்குது.

விண்டோஸ் என்டி-யோட ஆரம்ப வெர்ஷன்கள்ல கிராஃபிக்ஸ் டிரைவர் கெர்னலுக்கு வெளியேதான் இருந்துச்சு. 1996-ல என்டி 4.0 வந்தப்போ வேகத்துக்காக அதை உள்ள தூக்கி வச்சாங்க. வேகம் கிடைச்சுது. கூடவே கிராஃபிக்ஸ் டிரைவர்ல வர்ற ஒரு சின்னத் தப்பு மொத்த சிஸ்டத்தையும் கவுக்குற நிலைமையும் வந்துச்சு.

1997-ல ஏஜிபி வந்துச்சு. கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டுல இருக்கிற ரேமை நேரடியா எடுத்துக்கலாம். எது எந்த இடத்துல இருக்குன்னு சொல்ற அட்டவணை போர்டோட சிப்செட்கிட்ட இருக்கும். அதைச் சரியா அமைக்க சிப்செட் டிரைவர் வேணும். அதாவது ஒரு கம்பெனி எழுதின டிரைவர், இன்னொரு கம்பெனி எழுதின டிரைவரை நம்பித்தான் வேலை செய்யணும். வியா சிப்செட் போர்டு வச்சிருந்தவங்களுக்கு '4 இன் 1' டிரைவர் ஞாபகம் இருக்கும். முதல்ல அதைப் போடு, அப்புறம்தான் கார்டு டிரைவர். இதுதான் அந்தக் காலத்துல எல்லாரும் சொன்ன முதல் பாடம்.

2007 ஜனவரி 30, விஸ்டா விற்பனைக்கு வந்துச்சு. கிராஃபிக்ஸ் டிரைவரை ரெண்டாப் பிரிச்சு, பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே கொண்டு வந்தாங்க. கார்டு 2 செகண்ட் பதில் சொல்லலைன்னா, அதை மட்டும் ரீசெட் பண்ணிப் பார்க்கிற வசதியும் வந்துச்சு. ஆனா எல்லாரும் டிரைவரைப் புதுசா எழுத வேண்டியிருந்துச்சு. ஒரு வழக்குல வெளிய வந்த மைக்ரோசாஃப்ட் ஆவணப்படி, 2007-ல பதிவான விஸ்டா கிராஷ்கள்ல 28.8 சதவீதம் என்விடியா டிரைவர் கணக்குல, 17.9 சதவீதம் மைக்ரோசாஃப்ட் கணக்குல.

இந்த எண்ணைப் பார்த்து ஒருத்தரைக் கைகாட்டுறது சுலபம். ஆனா கவனிங்க: கிராஷ் நடக்கும்போது எந்த டிரைவர் மாட்டுச்சோ, ரிப்போர்ட்ல அதோட பேர்தான் முதல்ல வரும். அதுக்கு முன்னாடி அதோட மெமரியைக் கெடுத்தது வேற ஒருத்தரா இருக்கலாம்.

எங்க ஏரியாக்காரங்களுக்கு ஒரு ஞாபகம் வரும். 2017 ஜனவரி 28, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. யார் தப்புன்னு விசாரணை ஒரு பக்கம் நடந்துச்சு. எர்ணாவூர் கரையில ஒதுங்கின எண்ணெய்ச் சேத்தை மீனவர்களும் காலேஜ் பசங்களும் வாளியால அள்ளினாங்க. ரெண்டு பெரிய ஆளுங்க மோதினா, அள்ளுறவங்க வேற யாரோதான். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். கம்பெனிகள் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டும். காசும் நேரமும் போறது நமக்கு.

என் கதைக்கு வர்றேன். காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கார்டு தனியா ஓடுது, போர்டு தனியா ஓடுது. சேர்த்தாதானே பிரச்சனை? அப்ப ஏன்டா பார்ட்ஸ் மாத்துறீங்க?"

சேஃப் மோடுல போனோம். போர்டோட ஆன்போர்டு கிராஃபிக்ஸ் டிரைவர், கார்டோட டிரைவர், ரெண்டையும் சுத்தமாத் தூக்கினோம். போர்டு கம்பெனி தளத்துலேர்ந்து பயாஸ் அப்டேட், அப்புறம் சிப்செட் டிரைவர், கடைசியா கார்டு டிரைவர். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ரீஸ்டார்ட். பயாஸ் அப்டேட் ஆகுறப்போ கரண்ட் போயிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டதுதான் பெரிய டென்ஷன். ஏன்னா அப்ப போச்சுன்னா நிஜமாவே போர்டு அவுட்டு.

அன்னிக்கு ராத்திரி ப்ளூ ஸ்கிரீன் வரல. அதுக்கப்புறமும் வரல. அப்பா கடன் வாங்கல.

அதனால, அடுத்த தடவை யாராவது "போர்டை மாத்து"ன்னு சொன்னா, பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் தனித்தனியா ஓட்டிப் பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா, முதல்ல பார்க்க வேண்டியது டிரைவரை.