வாங்கு எந்தப் பக்கம்?

ஒரு போட்டியைப் பார்க்கப் போனால் நாம் பந்தைத்தான் பார்ப்போம். மாற்று வீரர்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. கனடாவில் அந்த வாங்குக்கும் ஒரு வரலாறு உண்டு.

அங்கே ஃபுட்போல் என்றால் நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், றக்பியிலிருந்து பிறந்தது. அதை நடத்திய பழைய சங்கத்தின் பெயரே கனேடிய றக்பி யூனியன்தான். கிரே கிண்ணத்துக்கான முதல் போட்டி 1909இல் நடந்தது. 1921இல் அணிக்கு 12 பேர் என்றானது. 1958இல் இன்றைய கனேடிய ஃபுட்போல் லீக் உருவானது.

ஆரம்ப காலத்தில் தாக்கியவர்களே தடுக்கவும் செய்தார்கள். வாங்குக்குப் பெரிய வேலை இல்லை. பிறகு தாக்க ஒரு குழு, தடுக்க ஒரு குழு, உதைக்க ஒரு குழு என்று ஆட்டம் பிரிந்தது. இப்போது பந்து கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு குழு வெளியே ஓட, இன்னொரு குழு உள்ளே ஓடுகிறது. உட்கார்ந்திருப்பவரும் ஆட்டத்தில் பங்காளி ஆகிவிட்டார்.

இங்கேதான் வாங்கின் இடம் முக்கியமாகிறது. மைதானம் 110 யார் நீளம், 65 யார் அகலம். அணிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் இரண்டு வாங்கும் நடுக்கோட்டை ஒட்டி அமையலாம். ஆனால் சில அரங்குகளில் இரண்டு அணியும் ஒரே பக்கத்தில் இருந்தன. அப்போது ஆளுக்கொரு பாதிதான். ஆட்டம் ஒரு முனைக்குப் போய்விட்டால் ஓர் அணிக்கு வாங்கு பக்கத்தில். மற்ற அணிக்கு நீண்ட ஓட்டம். கால் பகுதிக்கு ஒருமுறை முனை மாறுவதால் ஓரளவு சமனாகும் என்று சொல்லலாம். வெற்றி தோல்வியைத் தீர்க்கும் கடைசி நிமிடங்களை யார் சமன் செய்வது?

2025 செப்டெம்பரில் லீக் புதிய விதிகளை அறிவித்தது. 2026 முதல் எல்லா அரங்குகளிலும் வாங்குகள் எதிரெதிர்ப் பக்கங்களில்தான். முன்பு நடுவர் சைகை காட்டிய பிறகே 20 விநாடி எண்ணப்படும். இனி ஒரு நகர்வு முடிந்ததுமே 35 விநாடிக் கடிகாரம் தானாக ஓடும். நேரம் யாருக்கும் காத்திராது என்றானபின் தூரமாவது சமமாக இருக்க வேண்டாமா?

2027இல் மைதானத்தை 100 யாராகச் சுருக்கும் முடிவுதான் பெரிய வாதமானது. வாங்கு பற்றிய வரி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. நமக்கென்னவோ அந்தச் சிறிய வரியில்தான் நியாயம் தெரிகிறது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று எழுதினால் மட்டும் போதாது. ஓடத் தொடங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.